எண்பத்தேழில் ஒன்று

குன்வோர் ஓட்டுவது எட்டாயிரம் டன்னுக்கு மேல்.
நான் ஓட்டுவது
சமையல் தராசில் வைத்தால்
மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு.
இருவருக்கும் ஒரே தடம்தான்:
அவள் கிருனாவிலிருந்து மலையிறங்கி நார்விக் வரை,
நான் நிலவறைப் படிக்கட்டிலிருந்து
துணி துவைக்கும் அறை வரை.

சுவரில் ஓட்டை போட்டது நான்தான்.
அறுபத்தெட்டுப் பெட்டிகளையும் கோத்தால்
எட்டரை மீட்டர். அறையோ ஆறு.
முப்பதோடு நிறுத்திக்கொள் என்றார்கள்,
பாதி மூச்சோடு நிறுத்திக்கொள் என்பது போல.
இப்போது இன்ஜின் சலவை இயந்திரத்தைத் தாண்டும்போது
கடைசிப் பெட்டி இன்னும்
காட்டராட் நிலையத்தில் கிடக்கிறது.
அட்டையில் வெட்டிய நிலையம்.
பயணிகள் யாரையும் ஒட்டவில்லை.

ஹாமாரிலிருந்து வந்த ஸ்டைனுல்ஃப்
விரைவு வண்டிக்காரர்.
அவருடைய உணவுப் பெட்டியில் மேசைவிளக்கு எரியும்,
விளக்கடியில் கடுகளவு ஒரு பெண், கையில் கோப்பை.
என் வண்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"ஒரே பெட்டியை அறுபத்தெட்டுத் தடவை வாங்க
அலுக்கவில்லையா?"

நான் பல் கட்டுகிறவன்.
பகலெல்லாம் பீங்கானில் கடைவாய்ப் பல்.
ஒரே மாதிரி என்று உலகில் ஒன்றும் இல்லை,
என் விரல்களுக்குத் தெரியும்.
பதினேழாவதன் விளிம்பில் ஒரு நசுங்கல்.
நாற்பத்தொன்றில் துரு,
மழை வழிந்த திசையிலேயே.
ஐம்பத்திரண்டு புதிது, கறுப்பில் இன்னும் கர்வம்.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
ஓடவிட்டேன்.
இருபதாவது பெட்டி வரை பேசிக்கொண்டிருந்தார்.
முப்பத்தைந்தில் வாய் ஓய்ந்தது.
அறுபதில் குனிந்து
கன்னத்தைத் தண்டவாளத்தோடு வைத்து
"முடியவே முடியாதா இது" என்றார்,
முடிந்துவிடக் கூடாதே என்கிற குரலில்.

தாது ரயிலுக்கு ஒரு நியாயம் உண்டு,
போகும்போது நிறைவு, திரும்பும்போது வெறுமை.
வட்டத்தில் ஓட்டுகிறவனுக்கு அது வாய்க்காது.
நிறைந்து போனது நிறைந்தே வரும்.
எனவே நடை முடிந்ததும்
இடுக்கியால் ஒவ்வொரு சுமையாக இறக்குகிறேன்.
நார்விக் துறைமுகம் என்பது
என் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும்.

போன பிப்ரவரியில் ஆசை முற்றிவிட்டது.
அவள் காலணிப் பள்ளங்களில் ஒட்டிவந்த நிஜப் பொடியை
பழைய பல்பிரஷ்ஷால் சுரண்டி மூன்று வாரம் சேர்த்தேன்.
முதல் பத்துப் பெட்டிகளில்
சாயமணலைக் கொட்டிவிட்டு அதை நிரப்பினேன்.
அந்தக் கறுப்பு!
எந்த டப்பாவிலும் விற்கமாட்டார்கள்.
நான்காம் சுற்றில் இன்ஜின் விக்கியது.
ஐந்தில் நின்றது.

இரவுப்பணி முடித்து வந்த குன்வோர்
மேல்கோட்டைக் கழற்றாமலே திருகைக் கழற்றினாள்.
உள்ளே மோட்டாரின் காந்தத்துக்கு
மயிர் முளைத்திருந்தது,
கம்பளிப்பூச்சி மாதிரி, கறுப்பாக.
"காந்தக்கல் தன் இனத்தைக் கண்டால்
சும்மா இருக்குமா" என்றாள்.
பஞ்சால் துடைத்துக்கொண்டே,
நான் கேட்காத ஒன்றைச் சொன்னாள்:
"எல்லை தாண்டியதும் இறக்கம்தான்.
அங்கே நான் மின்சாரம் செலவழிப்பதில்லை,
கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கிறேன்.
நீ வண்டியை ஓட்டுகிறாய்.
நான் அதை ஓடவிடாமல்
பிடித்துக்கொண்டு வருகிறேன்."

மறுபடி சாயமணல்.
பொடியை ஊறுகாய் ஜாடியில் மூடி
சலவைத்தூளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இரவு இரண்டு நாற்பதுக்கு
வீட்டுக்கு மேல்புறம் அவள் வண்டி போகும்.
முதலில் அலமாரிக் கண்ணாடிகள், பிறகு தரை.
நேற்று நிலவறையில் விளக்கில்லாமல் உட்கார்ந்து
டார்ச்சை ஒரு சக்கரத்தின் மேல் பிடித்திருந்தேன்.
ஸ்விட்ச் அணைந்திருந்தது.
அறுபத்தெட்டும் நடுங்கின.
கொக்கிகள் ஒன்றையொன்று தொட்டு
மணல் உதிர்கிற சத்தம்.
அந்தச் சக்கரம் நகர்ந்தது,
கோடு போட்டு அளந்தேன், ஒரு மில்லிமீட்டர்.

எண்பத்தேழால் பெருக்கினால்
நான்கு விரற்கடை.